பழைய ஜான்சன் மோட்டார்: கயிறு இழுக்கும் முன் அடித் திருகைத் திறந்து பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் ஊர் பென்னாகரம் வட்டத்தில் நாகமரைப் பக்கம். அப்பா மேட்டூர் அணைத் தண்ணீரில் பரிசலில் போய் வலை போடுகிறார். போன மாதம் 16 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். இந்த வயதில் அதைத் துடுப்புப் போட்டு ஓட்ட அவரால் முடியவில்லை. கிருஷ்ணகிரியில் ஒருவரிடம் ஜான்சன் 9.9 ஹெச்பி அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டுவது, இருக்கிறது. 1995 மாடல், ஏரியில் மட்டும் ஓட்டியது என்கிறார். டேங்கோடு சேர்த்து 32 ஆயிரம் கேட்கிறார். ஸ்டாண்டில் மாட்டி அரை நிமிடம் ஓட்டிக் காட்டினார், சத்தம் கணீரென்று இருந்தது. மோட்டாரின் தகட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்? தேவைப்பட்டால் இதை ஒகேனக்கல் பரிசலில் மாட்ட முடியுமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பரிசலில் மாட்ட முடியாது. மோட்டாரைப் பிடித்து நிற்க நேரான பின்பலகை வேண்டும். பரிசல் வட்டம், அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. கட்டிப் பிடித்து எப்படியாவது மாட்டினாலும் நின்ற இடத்திலேயே ராட்டினம் சுற்றும். ஒகேனக்கல் பாறைக்கும் சுழலுக்கும் நம் பரிசல்காரர்கள் கையில் இருக்கும் ஒற்றைத் துடுப்புதான் சரி.

இனி மோட்டாருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் அந்த "அரை நிமிடம் ஓட்டிக் காட்டினார்". தண்ணீர் இல்லாமலா? கார் மாதிரி இதற்கு ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் தண்ணீரையே கீழிருந்து இழுத்து, எஞ்சினைச் சுற்றவிட்டு வெளியே தள்ளும். இழுக்கிற வேலை ஒரு சின்ன ரப்பர் சக்கரத்துக்கு. இம்பெல்லர் என்போம். ஆறேழு இதழ் வைத்த ரப்பர் பூ மாதிரி இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கு எண்ணெயும் தண்ணீர்தான், குளிர்ச்சியும் தண்ணீர்தான். வறட்டு ஓட்டம் ஓட்டினால் சில வினாடிகளிலேயே இதழ் முனை தேய்ந்து கருக ஆரம்பிக்கும். விற்பவர் எத்தனை பேருக்கு இப்படிக் "கணீரென்று" காட்டினாரோ! அந்த இம்பெல்லர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதனால் மட்டும் மோட்டாரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பழைய மோட்டார் எதை வாங்கினாலும் இம்பெல்லரை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் விலை பேசும்போது இது உங்கள் பக்கம்.

அடுத்தது தகடு. ஜான்சன், எவின்ரூட் இரண்டும் ஒரே கம்பெனியின் பிள்ளைகள். 1980க்கு அப்புறம் வந்த அவர்களுடைய மோட்டார்களில் மாடல் ஆண்டை எழுத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். "இன்ட்ரடியூசஸ்" (INTRODUCES) என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதுங்கள். திரும்ப வராத பத்து எழுத்து. அவற்றின் கீழே வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி எழுத்துக்கு 0 என்று போடுங்கள். இப்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு எழுத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் சி, யு என்று இருக்கிறது. சி என்றால் 8, யு என்றால் 7. உங்கள் மோட்டார் 1987 மாடல். விற்பவர் சொன்னது எட்டு வருடம் இளமை. பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது நமக்கு வேண்டாம், விலைக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும்.

சொல்லப்போனால் 87 என்பது எனக்கு 95ஐ விடப் பிடித்த ஆண்டு. ஜான்சனின் 9.9 முதலில் 1974இல் வந்தது. அன்று போட்ட இரண்டு சிலிண்டர் எஞ்சின் பிளாக்கை 1992 வரை பெரிய மாற்றமில்லாமல் வைத்திருந்தார்கள். 15 ஹெச்பி மோட்டாருக்கும் அதே பிளாக், கார்புரேட்டர்தான் முக்கிய வித்தியாசம். அதனால் 15இன் மூடியை 9.9இல் மாட்டி விற்கிறவர்களும் உண்டு. மூடியில் இருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் தகட்டைப் பாருங்கள். பத்தொன்பது வருடம் ஒரே பிளாக் ஓடியதால் அதற்கு உதிரிப் பாகம் செய்கிற வெளிக் கம்பெனிகள் இன்றும் இருக்கின்றன. தாய்க் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலாகி, 2001இல் பம்பார்டியர் கைக்குப் போய், 2020இல் எவின்ரூட் உற்பத்தியும் நின்றுவிட்டது. அதனால் "கம்பெனியிலேயே சர்வீஸ் இருக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இந்தப் பாகம் கடையில் தொங்காது. ஆன்லைனில் வரவழைக்க வேண்டும், இல்லை கடற்கரை ஊர்களில் சொல்லி வைக்க வேண்டும். இம்பெல்லர், கேஸ்கெட், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீல் என்றால் பயமில்லை. பவர்பேக் என்று ஒன்று உண்டு, பிளக்குக்கு மின்பொறி கொடுக்கிற பெட்டி, நம் பைக் சிடிஐ மாதிரி. அது போயிருந்தால்தான் கை சுடும்.

தகட்டில் இன்னொரு எழுத்தையும் கவனித்தேன். ஆண்டு எழுத்துக்கு முன்னால் "எல்" இருக்கிறது. அப்படியென்றால் இது நீளத் தண்டு, 20 அங்குலம். குட்டைத் தண்டு 15 அங்குலம். உங்கள் படகின் பின்பலகையில் மோட்டார் உட்காரும் மேல் விளிம்பிலிருந்து படகின் அடி வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 20 பக்கம் வந்தால் கவலையில்லை. 15 வந்தால் ப்ரொப்பல்லர் ஐந்து அங்குலம் அதிகமாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். படகு இழுபடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். கடலில் அதோடு முடிந்துவிடும். உங்கள் இடத்தில் அப்படி இல்லை. தண்ணீர் இறங்கி பண்ணவாடி நந்தி தலை காட்டுகிற மாதங்களில், நேற்று வரை ஆழமாக இருந்த இடத்தில் இன்று பாறையும் பழைய சுவரும் ஒரு முழத்தில் இருக்கும். அங்கே ஐந்து அங்குலம் என்பது ப்ரொப்பல்லரின் உயிர். பின்பலகை மேல் கெட்டியான மரக்கட்டை வைத்து போல்ட் போட்டு உயர்த்தலாம், ஆசாரி வேலைதான். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஏரியில் மட்டும் ஓட்டியது" என்கிறாரே, அதைச் சோதிப்பது சுலபம். உப்பு ஒளிந்துகொள்ளாது. மூடியைக் கழற்றி போல்ட் தலைகளைச் சுற்றிப் பாருங்கள். நல்ல தண்ணீரில் ஓடிய மோட்டாரில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும்தான் இருக்கும். கடல் மோட்டாரில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும், சுவரில் உப்பு பொரிகிற மாதிரி. கீழே ப்ரொப்பல்லரைச் சுற்றும் பல்சக்கரங்கள் இருக்கிற கியர் கூட்டில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைப் பொடி உதிரும். புத்தம்புது ஸ்பிரே பெயின்ட் அடித்திருந்தால் இரண்டு மடங்கு கவனம். பெயின்ட் போல்ட் தலைக்குள்ளும் ஸ்டிக்கர் மேலும் ஏறியிருந்தால் அது விற்பதற்காக அடித்த பெயின்ட். பலகையில் கவ்வும் இரண்டு திருகுப் பிடிகளைக் கையால் திருகுங்கள், மோட்டாரை முன்னே பின்னே சாய்த்துப் பாருங்கள், இடம் வலம் திருப்புங்கள். எங்கேயாவது இறுகியிருந்தால் உள்ளேயும் அதே கதைதான். கடல் மோட்டார் என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உப்பு ஏறியதில் போல்ட் கழலாது, உடையும். உடைந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை இரண்டு நாள் ஆகும்.

இப்போது நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைப்பது. கியர் ஆயில்.

நாகப்பட்டினத்தில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நானே சொந்தமாக ஒரு பழைய மோட்டார் வாங்கி விற்றுக் காசு பார்க்கலாம் என்று கிளம்பினேன். டிரம்மில் வைத்து ஓட்டினார்கள். ஒரே இழுப்பில் பிடித்தது, புகை இல்லை, சத்தம் பூப்போல. மறு யோசனை இல்லாமல் பணத்தைக் கொடுத்தேன். தெரிந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தார், மோட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு. கடலில் நடுவழியில் "டக்"கென்று ஒரு சத்தம், அப்புறம் எஞ்சின் ஓடுகிறது, ப்ரொப்பல்லர் சுற்றவில்லை. பட்டறையில் கியர் கூட்டின் கீழ்த் திருகைத் தளர்த்தினேன். முதலில் ஒரு தம்ளர் தண்ணீர். அதன் பின்னால் மோர் மாதிரி ஒன்று வழிந்தது. கடைசியில் திருகின் நுனியில் ஒட்டிக்கொண்டு கியர் பல்லின் ஒரு துண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் திருகை வாங்குவதற்கு முன் அரைச் சுற்றுத் தளர்த்தியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால் நீங்கள் போனதும் முதல் வேலை அது. முதல் நாள் இரவே மோட்டாரை நேராக நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் எண்ணெயை விடக் கனம், ராத்திரியில் அடியில் போய்த் தங்கிவிடும். காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் கியர் கூட்டின் அடித் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள், கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம் வையுங்கள். முதல் சொட்டு எது என்பதுதான் விஷயம். தண்ணீர் வந்தால் சீல் போய்விட்டது. டீக்கடை டீ நிறத்தில் கலங்கி வந்தாலும் அதே. கறுப்பாகத் தெளிவாக வந்தால் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எதுவுமே வராவிட்டால் இன்னும் மோசம். திருகின் நுனியில் மாவு மாதிரி கரும்பசை இருப்பது வழக்கம், விரலில் உரசினால் முள் மாதிரி குத்தக் கூடாது. ஒரு எச்சரிக்கை: சில ஜான்சன் மாடல்களில் அந்தத் திருகுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரத் தலை வைத்த இன்னொரு திருகு இருக்கும். அது உள்ளே கியர் மாற்றும் கம்பியைப் பிடித்திருப்பது. அதைக் கழற்றினால் கூட்டையே பிரிக்க வேண்டி வரும். தட்டையான வெட்டு உள்ள பெரிய திருகுதான் உங்களுடையது. விற்பவர் "அதெல்லாம் திறக்க வேண்டாம்" என்றால், டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

சீல் ஏன் போகிறது என்று கேட்டால், நம் அணையில் பாதிக் காரணம் தங்கூசி. அறுந்த தூண்டில் நரம்பும் வலைத் துண்டும் ப்ரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சுற்றச் சுற்றச் சூடேறி, ஆயில் சீலை வெட்டிவிடும். முடிந்தால் ப்ரொப்பல்லரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். வாங்கிய பிறகும் மாதம் ஒருமுறை பாருங்கள், உங்கள் அப்பா வலை போடுகிற தண்ணீர் அல்லவா.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம். பக்கத்தில் எந்த கார் மெக்கானிக்கிடமும் கேஜ் கிடைக்கும், 14 மி.மீ. பிளக் முனை போதும். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை எஞ்சின் உடம்பில் படும்படி வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும் வரை ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். கேஜுக்குக் கேஜ் எண் மாறும், நான் 90 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் முகம் சுளிக்க மாட்டேன். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம். ஒன்று 105, இன்னொன்று 100 என்றால் சந்தோஷம். ஒன்று 105, இன்னொன்று 70 என்றால் அந்த சிலிண்டரில் ரிங்கோ பிஸ்டனோ கேஸ்கெட்டோ போயிருக்கிறது. கழற்றிய பிளக்குகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டும் காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று எண்ணெய்க் கறுப்பாகவும் மற்றது விம் போட்டுக் கழுவிய மாதிரி பளிச்சென்றும் இருந்தால், பளிச்சென்று இருக்கிற சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது.

இதெல்லாம் தேறினால் மட்டும் ஓட்டிப் பாருங்கள். போனதும் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகக் காலையிலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஆறும் வரை உட்காருங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதுதான் உங்கள் அப்பா விடியற்காலையில் படப்போகும் பாடு. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ப்ரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு மூழ்கும்படி இறக்குங்கள். பிடித்ததும் பின்பக்கம் தண்ணீர் பீச்ச வேண்டும். சில பழைய மாடல்களில் அதற்குத் தனி ஓட்டை இருக்காது, புகையோடு தூறல் மாதிரி வரும். வரவில்லை என்றால் ஒரு நிமிடம்கூட ஓட்ட விடாதீர்கள். வந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டி, சிலிண்டர் தலையில் தண்ணீர் தெளியுங்கள். தோசைக்கல் மாதிரி சுர்ரென்று சுண்டினால் உள்ளே தண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறது. கியரை முன்னே பின்னே போட்டுப் பாருங்கள், ஆனால் டிரம்மில் தெரிவது கொஞ்சம்தான். தேய்ந்த கியர் சுமை ஏறும்போதுதான் நழுவும். ப்ரொப்பல்லர் நடுவில் ரப்பர் புஷ் உள்ள மாடலாக இருந்தால், புஷ்ஷையும் ப்ரொப்பல்லரையும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, உங்கள் படகைக் கரையில் கட்டிப்போட்டுக் கொஞ்சம் வேகம் கொடுங்கள். கோடு விலகினால் புஷ் வழுக்குகிறது. நாகமரை வரை கொண்டுவர விற்பவர் சம்மதிக்க மாட்டார்தான். போக்குவரத்துச் செலவு உங்களுடையது என்று சொல்லிப் பாருங்கள். 32 ஆயிரத்துக்கு அது பெரிய செலவில்லை.

விலை? கியர் ஆயில் சுத்தம், கம்ப்ரஷன் சமம், உப்பு இல்லை என்றால், கேட்பதிலிருந்து ஐந்தாறாயிரம் குறைத்து வாங்கலாம். இம்பெல்லர், பிளக், பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் கழுவுதல் என்று எப்படியும் செலவு இருக்கிறது. உப்பு இருக்கிறது, மற்றது சரி என்றால் ஒரு நிபந்தனை வையுங்கள்: முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு மெக்கானிக்கை வைத்துக் கீழ்க் கூட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இம்பெல்லர் மாற்ற அதை எப்படியும் கழற்றத்தான் போகிறோம். போல்ட் கழன்று வந்துவிட்டால் மோட்டார் பிழைத்துக்கொள்ளும். கியரில் தண்ணீர் இருந்து பல் போயிருந்தால், பாதி விலைக்கும் வேண்டாம். தகட்டின் படத்தை அனுப்பிவிட்டீர்கள், நல்லது. அதிலுள்ள எண்ணைக் குறிப்பிட்டு, மோட்டாரை உங்களுக்கு விற்றதாக ஒரு தாளில் எழுதி விற்பவரின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குப் பிறகு இயந்திரப் படகு என்றாலே பதிவு பற்றிய கேள்வி வரும். அப்பா மீன்பிடி உரிமம் வாங்கும் மீன்வளத் துறை அலுவலகத்திலேயே மோட்டார் மாட்டுவது பற்றிப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எண்ணெய் விஷயம் சுருக்கமாக. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 50க்கு 1. எண்பதுகளில் கம்பெனியே கொஞ்ச காலம் 100க்கு 1 போதும் என்று சொல்லி, பிறகு பின்வாங்கியது. மூடியில் அப்படி ஒரு ஸ்டிக்கர் இருந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். ஆயில் டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருக்க வேண்டும், அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது. பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றியது இதற்குச் சேராது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 1987இல் போட்ட ரப்பர் குழாய்க்கும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வுக்கும் அது எமன், இரண்டையும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் வைக்காதீர்கள். நாள் முடிந்ததும் டேங்க் குழாயைக் கழற்றி, மோட்டார் தண்ணீரிலேயே இருக்க, கார்புரேட்டர் காலியாகித் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள்.

மாட்டிய முதல் நாள் மறக்காமல் ஒன்று செய்யுங்கள். மோட்டாரின் கைப்பிடியில் நல்ல நைலான் கயிறு ஒன்றைக் கட்டி மறுமுனையைப் படகின் வளையத்தில் முடிச்சுப் போடுங்கள். ஓட்டத்தின் அதிர்வில் கவ்வுத் திருகு தளரும், ஓடும்போது யாரும் பார்க்க மாட்டார்கள். அணை நிரம்பி 120 அடியில் நிற்கிற காலத்தில் கழன்று விழுந்தால், அதைத் தேடி மூழ்க நாகமரையில் ஆள் கிடைக்காது.